முப்பது நாள்: காலம் கடந்த மேல்முறையீடுகளின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைப்பொழுதில், மஞ்சள் பை ஒன்றில் வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு முதியவர் ஒருவர் இக்கட்டுரையாளரைத் தேடி வந்தார். அவருடைய வீட்டையொட்டிய பாதை தொடர்பான வழக்கில் முன்சீப் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீடு செய்தால் வெற்றி நிச்சயம் என்று அவர் நம்பினார். ஆனால், வெளிநாட்டிலிருந்த மகன் பணம் அனுப்பட்டும் என்று காத்திருந்ததில் எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன. பிறகு தாக்கல் செய்யப்பட்ட மேல்முறையீட்டுடன், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும் இணைக்கப்பட்டது. அம்மனு தள்ளுபடி ஆயிற்று. அத்துடன் மேல்முறையீடும் முடிந்தது. பாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மேல் நீதிமன்றம் தொடவே இல்லை.

அன்று அவர் சொன்ன சொற்கள் இன்றும் காதில் ஒலிக்கின்றன. "தோற்றுப் போயிருந்தாலும் பரவாயில்லை தம்பி. என் கட்டை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத் தோற்கடித்திருக்கலாம்."

இந்த ஆதங்கம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாக எத்தனையோ குடும்பங்கள் இதே வாசலில் நின்று திரும்பியிருக்கின்றன. நியாயம் கேட்க வந்தவரை நாட்கணக்கு ஏன் தடுக்கிறது? அக்கணக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு விலக்கு உண்டா? இவற்றை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலவரம்பு வந்த வழி

வழக்குத் தொடுக்க ஒரு கால எல்லை வேண்டும் என்னும் கருத்து இங்கிலாந்தில் 1623-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெளிவான வடிவம் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சி இந்தியாவில் வேரூன்றியபோது, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களின் நீதிமன்றங்களில் அச்சட்டமே பின்பற்றப்பட்டது. நகர எல்லைக்கு வெளியே வேறு விதிகள் இருந்தன. வங்காளத்தில் 1793-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும், சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குவிதியும், உரிமையியல் வழக்குகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் என்ற எல்லையை வகுத்தன. ஆக, ஒரே ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு, அவர்கள் நகரத்தில் இருக்கிறார்களா, கிராமத்தில் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்துக் காலக்கணக்கு மாறியது.

இக்குழப்பத்தை நீக்கி நாடு முழுமைக்கும் பொதுவான காலவரையறைச் சட்டத்தை முதன்முதலில் தந்தது 1859-ஆம் ஆண்டின் பதினான்காம் சட்டம். அது பெரும்பாலும் வழக்குகளைப் பற்றியே பேசியது. 1871-இல் வந்த சட்டம் மேல்முறையீடுகளையும் மனுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. உரிய காலத்துக்குள் மேல்முறையீடு செய்ய இயலாமற்போனதற்குப் போதிய காரணம் இருந்ததென நீதிமன்றம் மனநிறைவு கொண்டால், காலம் கடந்தும் அதனை ஏற்கலாம் என்ற விதியும் அதில் இடம்பெற்றது. 1877, 1908 ஆகிய ஆண்டுகளில் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1963-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டம் 1964 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது.

இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு மிகக் கண்டிப்பானது. காலம் கடந்து வந்த மேல்முறையீட்டை, எதிர்த்தரப்பினர் ஆட்சேபம் எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அது. 5-ஆம் பிரிவோ கருணையின் வாசல். அதே 'போதிய காரணம்' என்னும் இரு சொற்களில்தான் அந்த வாசலின் தாழ்ப்பாள் இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் தந்த விளக்கம்

போதிய காரணம் எது என்று சட்டம் எங்கும் பட்டியலிடவில்லை. அதனை விளக்கும் பொறுப்பு நீதிபதிகளிடம் விடப்பட்டது. இதில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1890-ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான 'கிருஷ்ணா எதிர் சாத்தப்பன்' என்னும் வழக்கில், மேல்முறையீட்டாளரிடம் கவனக்குறைவோ, செயலின்மையோ, நேர்மையின்மையோ காணப்படாதபோது, உண்மையான நீதி நிலைபெறும் வகையில் அச்சொற்களுக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று அம்மன்றம் கூறியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தியாவின் மூலைமுடுக்குகளில் தாக்கலாகும் தாமத மன்னிப்பு மனுக்களில் எல்லாம் அந்தக் கருத்தின் எதிரொலியைக் காணலாம்.

பிரிவி கவுன்சிலுக்கும் இத்தகைய கேள்விகள் சென்றன. ரங்கூனில் ஒரு செட்டியார் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கு 1928-இல் லண்டனில் முடிவாயிற்று. தீர்ப்பின் நகலைப் பெறுவதற்குத் தேவைப்படும் காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும் விதியைப் பற்றிய வழக்கு அது. மேல்முறையீட்டுடன் நகலை இணைக்க வேண்டியதில்லை என்று அந்த நீதிமன்றத்தின் விதி கூறினாலும், நகல் பெறத் தேவையான நாட்களைக் கழிக்கத்தான் வேண்டும் என்று பிரிவி கவுன்சில் தீர்மானித்தது. கையில் தீர்ப்பைப் படித்துப் பார்க்காமல் ஒருவர் மேல்முறையீடு பற்றி எப்படி முடிவெடுப்பார்? ஆனால், மனுதாரரின் சொந்த அலட்சியத்தால் வீணான நாட்கள் அக்கழிவில் சேரா என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது.

ஒரு நாளும், நான்கு நாட்களும்

விடுதலைக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த முக்கியமான வழக்கு 'ராம்லால் எதிர் ரேவா கோல்ஃபீல்ட்ஸ்'. தீர்ப்பு 1961 மே மாதத்தில் வழங்கப்பட்டது. அங்கே தாமதம் ஒரே ஒரு நாள்தான். கடைசி நாளன்று மனுதாரருக்கு உடல்நலம் கெட்டுவிட்டது. 'கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தீர்? அதற்கு முந்திய நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்?' என்ற கேள்வியின் அடிப்படையில் கீழ் மன்றம் அவரை மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சட்டம் ஒருவருக்குத் தொண்ணூறு நாட்கள் கொடுத்தால், தொண்ணூறாவது நாள்வரை காத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. கால எல்லை முடிந்ததற்கும் தாக்கல் செய்ததற்கும் இடைப்பட்ட தாமதத்துக்கு மட்டுமே அவர் விளக்கம் தர வேண்டும் என்று அது கூறியது.

அதே தீர்ப்பில் நாம் மறந்துவிடும் இன்னொரு பகுதியும் உண்டு. காலம் முடிந்துவிட்டால், வென்றவருக்கும் ஓர் உரிமை பிறந்துவிடுகிறது; அதனை எளிதாகக் குலைத்தல் கூடாது. போதிய காரணம் காட்டிவிட்டால்கூட மன்னிப்பு என்பது மனுதாரரின் உரிமையாகிவிடாது. அது நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது.

1987-இல் காஷ்மீரத்தின் அனந்தநாக் மாவட்ட நில ஆர்ஜித வழக்கில் நான்கு நாள் தாமதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நில இழப்பீட்டை ஏறத்தாழ 14 லட்ச ரூபாய் உயர்த்திய தீர்ப்பை எதிர்த்து அரசு செய்த மேல்முறையீடு அது. உயர் நீதிமன்றம் அதனைக் காலம் கடந்ததென்று தள்ளியிருந்தது. நீதிபதி எம்.பி. தக்கர் எழுதிய தீர்ப்பில், தாமதம் செய்வதால் எவருக்கும் பொதுவாக ஆதாயமில்லை என்றும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்ற விதியை அறிவுக்குப் பொருந்தும் வகையில் கையாள வேண்டும் என்றும் கூறப்பட்டது. அவ்விதியை இயந்திரம்போலப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும்கூட விளக்கம் கேட்க வேண்டியிருக்குமே என்ற வினா அத்தீர்ப்பால் புகழ்பெற்றது.

தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்று 1998-இல் இன்னொரு படியைக் காட்டியது. அது நேரடியாக மேல்முறையீடு அன்று. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனு. எனினும் காலக்கேள்வி ஒன்றே. தாமதம் 883 நாட்கள். தம் வழக்கறிஞர் தம்மைக் கைவிட்டதே காரணம் என்று மனுதாரர் கூறினார். அவ்வழக்கறிஞர் மீது நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கான உத்தரவும் பெற்றிருந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரது மனுவை மறுத்தது. உச்ச நீதிமன்றமோ, நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பில், தாமதத்தின் நீளம் முக்கியமன்று, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று கூறி அவருக்கு வாய்ப்பளித்தது. சில வேளைகளில் ஒரு நாள் தாமதமும் மன்னிக்க முடியாததாகலாம். சில வேளைகளில் ஆண்டுக்கணக்கான தாமதமும் மன்னிக்கத்தக்கதாகலாம் என்பது அதன் சாரம்.

நீதிபதியே நாளைத் தவறாகச் சொன்னால்?

அயல்நாட்டு நிகழ்வு ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனளிக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஒருவருக்கு, மேல்முறையீடு செய்ய மேலும் 14 நாட்கள் மட்டுமே வழங்கச் சட்டம் இடமளித்தது. மாவட்ட நீதிபதியோ தவறுதலாக 17 நாட்கள் என்று உத்தரவில் குறித்துவிட்டார். அதனை நம்பி, 14 நாட்களைக் கடந்து, ஆனால் 17 நாட்களுக்குள், மேல்முறையீடு தாக்கலாயிற்று. 2007 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், அந்த மேல்முறையீட்டை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று தீர்மானித்தது. நாடாளுமன்றம் சட்டத்தால் வகுத்த காலத்தை நீதிபதியின் பிழையோ நீதிமன்றத்தின் இரக்கமோ நீட்ட முடியாது என்பது பெரும்பான்மையினரின் நிலை. நீதிபதியின் உத்தரவை நம்பியவரை இவ்வாறு தண்டிப்பது முறையன்று என்று நால்வர் மாறுபட்டனர்.

நம் நாட்டில் நீதிமன்றத்தின் பிழையால் எவருக்கும் தீங்கு நேரக் கூடாது என்ற கோட்பாடு வலுவாக இருக்கிறது. 5-ஆம் பிரிவின் வாசலும் திறந்திருக்கிறது. அந்த வகையில் நம் சட்டம் மனிதரின் பலவீனத்தை ஓரளவு புரிந்துகொண்ட சட்டம் எனலாம்.

உலகமே முடங்கிய நாட்களில் இது கண்கூடாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றின்போது உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து, 2020 மார்ச் 23-இல் உத்தரவு பிறப்பித்து, எல்லாக் காலவரம்புகளையும் மார்ச் 15 முதல் நீட்டித்தது. 2022 ஜனவரி 10-ஆம் நாள் உத்தரவின்படி, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அக்காலத்தில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் குறைந்தது 90 நாட்கள் கிடைத்தன.

இறுகும் போக்கு

எனினும், கருணையை நம்பி அலட்சியமாக இருப்போர் அண்மைக்காலத் தீர்ப்புகளைக் கவனிக்க வேண்டும். 2012-இல் அஞ்சல்துறை 427 நாட்கள் தாமதமாகச் செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்தன என்பது இனிப் போதிய காரணமாகாது. அரசுக்கென்று தனிச் சட்டம் கிடையாது என்று அது கூறிவிட்டது. 2024 ஏப்ரலில், ஆந்திரத்தின் நில ஆர்ஜித வழக்கொன்றில், இறந்தவரின் வாரிசுகள் 5,659 நாட்கள், அதாவது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், தாமதமாக வந்தபோது அவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. வழக்கில் வலு இருக்கிறது என்பது மட்டும் தாமதத்தை மன்னிக்கப் போதாது என்பதும் அத்தீர்ப்பு உணர்த்தும் பாடம்.

இதனைக் கொடுமை என்று மட்டும் பார்த்தல் சரியன்று. வழக்கில் வென்றவரும் ஒரு மனிதரே. பல ஆண்டுகள் அலைந்து தீர்ப்புப் பெற்று, அந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவரைப் பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் நீதிமன்றத்துக்கு இழுத்தால் அவருக்கு நிம்மதி ஏது? சாட்சிகள் இறந்துவிடுவர், ஆவணங்கள் செல்லரித்துவிடும். சண்டைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதும் நீதியின் ஒரு பகுதியே. ஆகையால், குறை முழுவதும் சட்டத்தில் இருப்பதாகக் கூற முடியாது. கணக்கை அறியாமையே பெரும்பாலான குடும்பங்களை வீழ்த்துகிறது.

நாம் அறிய வேண்டிய கணக்கு

உரிமையியல் வழக்கில் முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அதற்கு மேலுள்ள சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல 90 நாட்கள். குற்றவியல் வழக்கில் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லப் பொதுவாக 60 நாட்கள். பிற மன்றங்களுக்கு 30 நாட்கள். மரண தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 30 நாட்களே.

தீர்ப்புச் சொல்லப்பட்ட நாள் இக்கணக்கில் சேராது. ஓர் எடுத்துக்காட்டு: ஜூன் 1-இல் தீர்ப்பு, 30 நாள் கெடு ஜூலை 1-இல் முடியும். மனுதாரர் ஜூன் 10-இல் நகல் மனுப் போடுகிறார். ஜூலை 5-இல் நகல் தயாராகிறது. இடைப்பட்ட 26 நாட்கள் கழிக்கப்படுவதால் அவருக்கு ஜூலை 27 வரை அவகாசம் உண்டு. அவரே ஜூலை 2-இல்தான் நகல் மனுப் போட்டிருந்தால் ஒரு நாளும் கூடக் கிடைக்காது. கெடு முடிந்தபின் கழிக்க எதுவும் இல்லை. நகலுக்கு ஸ்டாம்ப் கேட்கப்பட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் நகலிலேயே குறிக்கப்படுகின்றன. ஸ்டாம்ப் கட்டாமல் காலம் கடத்தினாலும், தயாரான நகலை வாங்காமல் விட்டாலும் அந்த நாட்கள் நம் தலையிலேயே விழும்.

கோடை விடுமுறையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. விடுமுறை நாட்கள் அனைத்தும் கழிந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அப்படியன்று. கெடுவின் கடைசி நாள் நீதிமன்றம் மூடியிருக்கும் நாளாக அமைந்தால், திறக்கும் நாளன்றே தாக்கல் செய்துவிடலாம். அதற்கு மறுநாள் சென்றாலும் அது தாமதமே.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால், 90 நாட்களுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க வேண்டும். இல்லையேல் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். அதனை மீட்க மனுச் செய்ய மேலும் 60 நாட்களே உண்டு. துக்க வீட்டில் எவரும் நீதிமன்றத்தை நினைப்பதில்லை. எதிர்பாராத தள்ளுபடிகள் பல இங்கேதான் நேர்கின்றன.

காலம் கடந்துவிட்டால், 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, தாமதத்துக்கான காரணத்தைப் பிரமாணப் பத்திரத்துடன் கூறும் மனுவை மேல்முறையீட்டுடனேயே தாக்கல் செய்ய வேண்டும். அதில் 'உடல்நலமின்மையால்' என்று ஒற்றை வரி எழுதுவது போதாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எங்கே சிகிச்சை, என்ன சான்று என்று உண்மையை உள்ளபடி கூற வேண்டும். பொய்யான காரணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், மெய்யான காரணங்களும் மதிப்பிழந்துவிடும்.

வக்ஃப் சொத்துக்களுக்கும் இது பொருந்தும்

பொது நிர்வாகத்தில் உள்ளவர்கள் ஒரு மாற்றத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1995-ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, வக்ஃபு அசையாச் சொத்துக்களை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று கூறியது. 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 8-இல் நடைமுறைக்கு வந்தபோது, அவ்விலக்கை நீக்கிவிட்டது. அதே திருத்தம், வக்ஃப் தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையும் வகுத்தது. 'வக்ஃபுக்குக் காலம் கிடையாது' என்ற பழைய நம்பிக்கையில் ஆவணங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது ஆபத்தாகும்.

முடிவாக

தீர்ப்பு வெளியான அன்றே நகல் மனுப் போடுங்கள். கடைசி நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வக்கீல் குமாஸ்தாவிடம் மேல்முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணமில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கும், காவலில் இருப்போருக்கும், குறைந்த வருமானம் உடையோருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட அளவிலேயே அதற்கான குழுக்கள் உள்ளன.

மஞ்சள் பையுடன் வந்த பெரியவர் இரண்டாம் முறை வரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. முப்பது நாட்களுக்குள் ஒரு நகல் மனு போயிருந்தால் அந்தக் கட்டை ஒரு நீதிபதி பிரித்துப் பார்த்திருப்பார். நம் தெருவில் இன்னொரு கட்டு அவ்வாறு பிரிக்கப்படாமல் போகாதிருக்கட்டும்.